கட்டம் எஞ்சுகிறது, பேச்சு எஞ்சுவதில்லை: சுடோகுவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சுடோகுவுக்கு வரலாறு எழுதுவோர் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வது வழக்கம். அது ஜப்பானிலிருந்து வந்தது என்பது முதற்கதை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லரிடமிருந்து வந்தது என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆனால் இரண்டுமே ஒருவர் மட்டும் மேசையருகே அமர்ந்து மௌனமாய்ச் சிந்திக்கும் காட்சியையே நம்முன் வைக்கின்றன. நான் ஆய்வுக்காகச் சென்று வரும் சின்னக்கானலில் சுடோகு அவ்வாறு நிரப்பப்படுவதில்லை. ஊர்க்கதை, நாட்டு நடப்பு, விலைவாசி எல்லாம் பேசிக்கொண்டிருக்கையில், அப்பேச்சின் இடுக்குகளில் அது நிரம்புகிறது. இந்த வேறுபாட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது, சதுரக் கட்டத்தின் நீண்ட வரலாற்றிலும் முக்கியமான திருப்பங்கள் பல பேச்சினூடே நேர்ந்திருப்பது புலப்பட்டது. அவற்றுள் ஒன்று தேயிலை மலையில், தமிழ் பேசும் உழைப்பாளிகளின் கைகளுக்கிடையே நேர்ந்தது. சுடோகுவின் வரலாறுகளில் அந்தப் பகுதி இடம்பெறுவதில்லை என்பதால் இதனை எழுதுகிறேன்.

முதலில் இடம் பற்றி. சின்னக்கானல், இடுக்கி மாவட்டத்தில் மூணாறிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வரும் மலைச்சாலையை ஒட்டிய பகுதி. தேயிலையும் ஏலமும் அடுத்தடுத்து நிற்கும் நிலம். தாழ்வில் ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு, அருகே சூரியநெல்லி, அதற்கும் மேலே தமிழ்நாட்டு எல்லைக்குள் கொழுக்குமலை. இங்குள்ள தேநீர்க்கடையில் நாளிதழ் எவருடைய தனியுடைமையும் அன்று. வந்த சிறிது நேரத்தில் அது தாள் தாளாகப் பிரிந்து மேசைக்கு மேசை நகரத் தொடங்கும். தமிழ் இதழில் ஒருவர் வாசித்த செய்தியை மலையாள இதழ் வைத்திருப்பவர் சரிபார்ப்பார். புதிர் அச்சான தாள் யார் கையில் சிக்குகிறதோ அவர் பேனாவைத் தேடுவார். முந்தைய நாள் இரவு யானை இறங்கிய இடம், போடி ஏல மையத்தில் ஏலக்காய் போன விலை, மகளின் கல்லூரிக் கட்டணம், பேருந்து வராமற்போன காரணம் ஆகியவற்றுக்கு நடுவே ஓர் ஐந்தும் ஓர் எட்டும் தத்தம் இடத்தில் சென்று அமரும்.

செய்தி இவ்வூரிலேயே பிறந்த நாட்களும் உண்டு. 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் எனப்பட்ட காட்டுயானையைச் சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசென்றனர். மே மாத இறுதியில் அது கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதியில் விட்டது. அந்த ஐந்து வார காலத்தில் இவ்வூர்க் கடைகளில் அரிசி தின்னும் யானையைத் தவிர வேறு பேச்சு எடுபட்டிருக்காது. அப்போதும் புதிர்த்தாள் வெறுமையாகக் கிடந்திருக்காது என்றே கருதுகிறேன்.

பேச்சும் புதிரும் இவ்வாறு உடனிருக்க முடிவது எப்படி? குறுக்கெழுத்துப் புதிரோடு ஒப்பிட்டால் விடை எளிதாகும். குறுக்கெழுத்து மொழியைத் தன்வசப்படுத்திக்கொள்கிறது. சொல்லைத் தேடும் மனம் வேறொரு சொல்லைப் பேச முடியாமல் தடுமாறும். சுடோகுவில் எண்கள் இருப்பினும் கணக்கு இல்லை. கூட்டலோ பெருக்கலோ வேண்டியதில்லை. ஒன்பது எண்களுக்கு மாற்றாக ஒன்பது பூக்களை வரைந்தாலும் புதிர் மாறாது. கண் மட்டும் நிரையிலும் நிரலிலும் ஊர்ந்துகொண்டிருக்க, நாக்குக்கு விடுமுறை. ஆகவே எளிய கட்டங்கள் பேச்சைத் தடுக்காமல் நிரம்பிவிடும்.

கடினமான புதிரில் நிலைமை வேறு. அங்கே ஓர் எண்ணை எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைக்காது. எங்கே எழுதக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சான்றாக, ஒரு சிறுசதுரத்தில் இரண்டு கட்டங்கள் எஞ்சி, அவ்விரண்டிலும் 4 அல்லது 7 மட்டுமே வரலாம் எனக் கொள்வோம். எது எங்கே என்று தெரியாது. எனினும் அச்சதுரத்தின் ஏனைய கட்டங்களில் 4, 7 இரண்டும் வாரா என்பது உறுதியாகிவிடும். அந்த இரு கட்டங்களும் ஒரே நிரையில் அமைந்திருந்தால், அந்நிரையின் மற்ற இடங்களிலும் அவை வாரா. அறியாமையிலிருந்து ஓர் உறுதியைப் பிரித்தெடுக்கும் இந்தக் கட்டத்தில்தான் பேச்சு அறுபடும். பேனா வைத்திருப்பவர் மௌனமாகிவிடுவார். எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தாள் தலைகீழாகத் தெரியும். அவருடைய கண் வேறு மூலையிலிருந்து தொடங்கும். எனவே முதலாமவர் பத்து நிமிடம் காணாததை அவர் சிலவேளை ஒரு மிடறு தேநீருக்குள் கண்டு, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தம் பேச்சைத் தொடர்வார். கடினம் என்பது கொடுக்கப்பட்ட எண்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஒரே விடை கொண்ட புதிருக்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுக்கப்பட வேண்டும், 16 போதாது என்று டப்ளினில் கேரி மெக்குவயர் தலைமையிலான குழு கணினி கொண்டு 2012இல் நிறுவியது. ஆயினும் 17 எண்கள் கொண்ட எளிய புதிரும் உண்டு, 25 எண்கள் கொண்ட கொடிய புதிரும் உண்டு.

நாளிதழுக்கும் புதிருக்கும் உள்ள உறவு தமிழில் ஒரு முறை கசந்திருக்கிறது. 1930களில் வார இதழ்கள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தி விற்பனையைப் பெருக்கின. ஆனந்த விகடன் அவற்றுள் ஒன்று. பல குறிப்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் பொருந்துமாறு அமைத்து, ஆசிரியர் உறையிலிட்டு மூடிவைத்த விடையோடு ஒத்துப்போனால் பரிசு என்பது இத்தகைய போட்டிகளின் பொதுவான முறை. அதாவது திறமையின் உடையணிந்த அதிர்ஷ்டம். நாடு முழுவதும் இது பெருந்தொழிலானபின், 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசை அது தடைசெய்தது. அச்சட்டத்தை எதிர்த்த சாமர்பாக்வாலா வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம், சூதாட்டத் தன்மை கொண்ட போட்டிக்கும் திறமை சார்ந்த போட்டிக்கும் எல்லை வகுத்தது. இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பரிசுப் போட்டியில் விடையை அடுத்தவரிடம் சொல்ல மாட்டார்கள், தாளை மறைத்துக்கொள்வார்கள். சுடோகுவுக்குப் பரிசு இல்லை. விடை ஒன்றே, அதுவும் மறுநாள் அச்சாகிவிடும். மறைக்க எதுவுமில்லாத புதிர் என்பதால்தான் அது பொது மேசைக்கு வர முடிந்தது.

இனி அதன் பிறப்பு. இப்போதுள்ள வடிவத்தை அமைத்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979இல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் 'எண்ணிடம்' என்று பொருள்படும் பெயரில், ஆசிரியர் பெயரின்றி அது வெளிவந்தது. 1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதனை எடுத்தாண்டது. அந்நிறுவனத்தின் மாகி காஜி இட்ட நீண்ட பெயருக்கு, இலக்கங்கள் மணமாகாமல் தனித்திருக்க வேண்டும் என்பது பொருள். அதன் சுருக்கமே சுடோகு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கூல்ட், 1997இல் டோக்கியோவின் புத்தகக் கடையொன்றில் அதைக் கண்டு, புதிர்களைத் தானே உண்டாக்கும் கணினி நிரலை ஆண்டுக்கணக்கில் எழுதினார். 2004 நவம்பர் 12 அன்று லண்டன் டைம்ஸ் அதனை வெளியிட்டது. 2005க்குள் உலகின் பெரும்பாலான நாளிதழ்களில் அது இடம்பிடித்துவிட்டது. எந்த மொழி இதழும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே பகுதி என்பதால் பரவலின் வேகம் வியப்புக்குரியதன்று. 1895இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் இதற்கு மிக நெருங்கிய ஒன்பதுக்கு ஒன்பது புதிர் வந்து மறைந்தது என்பது கூடுதல் செய்தி.

ஆய்லரின் கதையைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு படைப்பிரிவுகளிலிருந்து, ஆறு பதவிநிலைகளுக்கு ஒருவராக, 36 அதிகாரிகளை அழைத்து, நிரைதோறும் நிரல்தோறும் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு பதவியும் ஒரு முறையே வருமாறு நிறுத்த முடியுமா? 1782இல் அச்சான அவருடைய கட்டுரை இவ்வினாவோடு தொடங்குகிறது. சில காலமாகப் பலருடைய அறிவுக்கும் வேலை கொடுத்துவந்த வினா என்றே ஆய்லர் அதனை அறிமுகம் செய்கிறார். எனவே அது அவர் அறையில் முளைத்ததன்று. எங்கோ விருந்துகளிலும் கூடங்களிலும் உலவிவந்த பேச்சு, அவர் கட்டுரைக்குள் வந்து சேர்ந்தது. பேசியவர்களின் பெயர்கள் அதில் இல்லை. ஒவ்வொரு குறியும் நிரைக்கொன்று நிரலுக்கொன்றாக வரும் சதுரத்துக்கு, ஆய்லர் லத்தீன் எழுத்துகளைப் பயன்படுத்தியதால், லத்தீன் சதுரம் எனும் பெயர் நிலைத்தது. அவருக்கு முன்பே, 1700ஆம் ஆண்டளவில், கொரியாவின் சோய் சோக்-ஜோங் ஒன்பதாம் வரிசைச் சதுரங்கள் இரண்டை இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டியிருந்தார். பெயர் சூட்டும் உரிமை எப்போதும் முதலில் கண்டவருக்குக் கிடைப்பதில்லை.

இதுவரை சதுரம் தாளில் இருந்தது. அது மண்ணுக்கு இறங்கிய கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

நான்கு உரங்களில் எது சிறந்தது என்று ஓர் ஆய்வாளர் அறிய விரும்புகிறார். மலைச்சரிவில் நான்கு பாத்திகளைப் பிரித்து நான்கு உரங்களையும் இட்டால் விடை கிடைக்காது. மேட்டில் மண் அரித்துப்போயிருக்கும். தாழ்வில் வண்டல் சேர்ந்திருக்கும். தாழ்வில் இட்ட உரம் வென்றால் வென்றது உரமா, நிலமா? சரிவு மேலிருந்து கீழாக மாறுவது போலவே, ஈரமோ நிழலோ இடமிருந்து வலமாகவும் மாறலாம். நிலத்தை 16 பாத்திகளாக்கி, ஒவ்வோர் உரமும் நிரைக்கொரு முறை, நிரலுக்கொரு முறை வருமாறு இட்டால், இருதிசை வேறுபாடும் நான்கு உரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். இதுவே லத்தீன் சதுரம். பிரான்சில் கிரெட்டே த பல்லுவேல் 1788இல் ஆடுகளுக்குத் தீவனமிடும் சோதனையில் இதை ஒத்த அமைப்பைக் கையாண்டதுண்டு. ஆயினும் இதனை முறைமையாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919 முதல் 1933 வரை இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். 1929இல் வேல்ஸ் நாட்டுக் காட்டுச் சரிவொன்றில் அவர் வகுத்த ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் ஐந்து வகை மரங்கள் நடப்பட்டன. அவை வளர்ந்தபின், மலையின்மீது சுடோகு வரைந்தாற்போலத் தோன்றிய ஒளிப்படம் பல பாடநூல்களில் உண்டு. 1934இல் அவரும் ஃபிராங்க் யேட்ஸும் ஆறாம் வரிசைச் சதுரங்களை எண்ணி, அடிப்படை வடிவங்கள் 9,408 என்று காட்டினர்.

அந்த ராதாம்ஸ்டெட்டில் ஒரு மாலைத் தேநீர் வேளைப் பேச்சு புள்ளியியலில் நிலைபெற்றுவிட்டது. கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார் பாசியியல் ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல். எட்டுக் கோப்பைகளை முறைமாற்றி வைத்து அக்கூற்றை எவ்வாறு சோதிப்பது என்பதே ஃபிஷரின் 1935ஆம் ஆண்டு நூலான 'சோதனைகளின் வடிவமைப்பு' எடுத்துக்கொள்ளும் முதற்சான்று. நூலில் அவர் பெயர் இல்லை. ஒரு பெண்மணி என்று மட்டும் இருக்கிறது. பின்னாளில் உடன்பணியாற்றியோரின் நினைவுகளால் பெயர் மீண்டது.

கோப்பையில் அந்தத் தேநீர் வந்து சேர்ந்த வழியைச் சற்றுப் பின்தொடர்வோம். ராதாம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு பயிர்ச் சோதனைகள் செய்து அவருடன் சேர்ந்து கட்டுரைகளும் எழுதிய டி. ஈடன் என்பவர், இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். 1925இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம் பின்னர் தலவாக்கலையின் செயிண்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1931இல் அங்கிருந்து ஈடன் வெளியிட்ட கட்டுரையின் பொருள், தேயிலை வயற்சோதனைகளில் நேரும் பிழை எவ்வளவு என்பது. தேயிலையில் இவ்வினா நெல்லையோ கோதுமையையோவிடக் கடினமானது. கோதுமையை ஆண்டுக்கு ஒரு முறை அறுத்து நிறுத்துவிடலாம். கொழுந்தோ ஏழெட்டு நாட்களுக்கொரு முறை மீண்டும் மீண்டும் பறிக்கப்படுவது. ஒவ்வொரு முறையும் பாத்திதோறும் தனித்தனியே நிறுக்க வேண்டும். ஒரு பாத்தியின் கொழுந்து அடுத்த பாத்தியின் கூடையில் விழுந்தால் அன்றைய கணக்குக் குலைந்துவிடும். செடியின் வயது, கவ்வாத்து செய்த காலம், பறிப்பவரின் கைவேகம் அனைத்தும் எடையில் கலக்கும். ஈடன் அளக்க முயன்ற பிழைக்குள் அந்தக் கையும் அடங்கும்.

அந்தக் கை யாருடையது என்பது இதனை வாசிப்போருக்குச் சொல்லாமலே விளங்கும். மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே சென்ற தமிழரின் கை. பெரும்பாலும் பெண்களின் கை. கணிதப் பாடத்தில் கிடைவரிசையை நாம் நிரை என்றும் செங்குத்து வரிசையை நிரல் என்றும் சொல்கிறோம். இலங்கை மலையகத்தில், கொழுந்து பறிப்பதற்காக ஒருவருக்கு ஒதுக்கப்படும் செடிவரிசைக்கும் நிரை என்றே பெயர். புள்ளியியலாரின் வரைபடத்தில் இருந்த நிரையும் கூடை சுமந்தவர் காலடியில் இருந்த நிரையும் ஒரே மலையில், ஒரே சொல்லில் சந்தித்திருக்கின்றன. அவ்விருவரும் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

கொழுந்து பறிப்பதும் கடினமான சுடோகுவும் ஒரு வகையில் ஒத்த தொழில்கள். கண் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேடும். கை ஒடிக்கும். முற்றிய இலையையும் வங்கி இலையையும் விலக்கும். நாக்கு விடுதலையாக இருக்கும். பக்கத்து நிரையில் நிற்பவளோடு குழந்தையின் காய்ச்சல், கடன், ஊர்ப் பயணம், கணக்கப்பிள்ளையின் கெடுபிடி என்று பேச்சு நீளும். பாத்திகளின் எடை ஆய்வேட்டில் ஏறியது. அந்தப் பேச்சு எதிலும் ஏறவில்லை. சோதனை வயல் பற்றிய கட்டுரைகளை வாசிக்கும் எவரும் அங்கே மனிதர்கள் நின்றதை உணர்வது அரிது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரை எண்ணிக்கையாகவே பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. எடையைப் பாத்தி பாத்தியாகத் துல்லியமாகப் பதிந்த அதே நூற்றாண்டு, மனிதரை இவ்வளவு முழு எண்களில் கையாண்டது.

சதுரத்தின் அடுத்த திருப்பம் கல்கத்தாவில். பிரசாந்த சந்திர மகலநோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1937–38 குளிர்காலத்தில் ஃபிஷர் வந்தார். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் லத்தீன் சதுரங்கள் எந்தெந்த வரிசைகளில் முழுத் தொகுதியாகக் கிடைக்கும் என்பது குறித்துத் தம் ஊகத்தை அங்கே பேசினார். அதைச் செவிமடுத்த ராஜ் சந்திர போஸ், பகா எண்களின் அடுக்குகளாக அமையும் எல்லா வரிசைகளுக்கும் அத்தகைய தொகுதி உண்டு என்று 1938இல் நிறுவிக் கட்டுரை வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின், போஸும் அவருடைய மாணவர் சரத்சந்திர சங்கர் ஸ்ரீகண்டேயும் அமெரிக்காவின் எர்னெஸ்ட் பார்க்கரும் இணைந்து ஆய்லரின் ஊகத்தையே வீழ்த்தினர். 6, 10, 14 என்று நான்கால் வகுத்தால் இரண்டு எஞ்சும் எந்த வரிசைக்கும் அதிகாரிகள் புதிருக்கு விடையில்லை என்பது ஆய்லர் கருத்து. ஆறுக்கு அது சரி. பத்து முதல் எங்கும் அது தவறு. 1959 ஏப்ரல் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. இலத்தீன் சதுரம் நாளிதழின் முதற்பக்கத்துக்கு வந்தது சுடோகுவாக அன்று, இரண்டு இந்தியர்களின் தேற்றமாக. நம் மாணவர்கள் சுடோகு என்றதும் ஜப்பானை நினைக்கிறார்கள், போஸை நினைப்பதில்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

எஞ்சியது ஒன்பது சிறுசதுரங்கள் எனும் நிபந்தனை. அதுவும் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. நிரையும் நிரலும் நேர்க்கோட்டில் மாறும் வேறுபாட்டைத்தான் சமன்செய்யும். வயலின் ஒரு மூலையில் சதுப்பு இருந்தால்? பழைய எருக்குழி இருந்த இடம் இருந்தால்? 1956இல் ஜெர்மன் வேளாண் புள்ளியியலாளர் வி. உ. பெஹ்ரென்ஸ், நிரை நிரல்களோடு நிலத்தைத் திட்டுகளாகவும் பகுத்து, ஒவ்வொரு திட்டிலும் எல்லா உரங்களும் ஒரு முறை வர வேண்டும் என்றார். அந்த வடிவமைப்புக்கு அவர் இட்ட ஜெர்மன் அடைமொழிக்கு 'நீதியான' என்பது பொருள். ஒன்பது உரங்கள், ஒன்பது சதுரத் திட்டுகள் என்று கொண்டால் நிரம்பிய சுடோகு அப்படியே கிடைத்துவிடும். ரோஸ்மேரி பெய்லி, பீட்டர் கேமரன், ராபர்ட் கானெலி மூவரும் 2008இல் எழுதிய கட்டுரையில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்தனர். பெஹ்ரென்ஸுக்கும் கார்ன்ஸுக்கும் இடையே நேர்க்கோடு வரைய நான் துணியமாட்டேன். ஒரே தேவை இரு இடங்களில் இரு வேறு காரணங்களுக்காக எழுந்தது என்று கொள்வதே தகும். அந்த நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு: ஒன்பதாம் வரிசை லத்தீன் சதுரங்களில் ஏறத்தாழ எட்டே கால் லட்சத்துக்கு ஒன்றுதான் சுடோகுவாகத் தேறும். அவ்வாறு தேறுபவை 6,670,903,752,021,072,936,960 என்று 2005இல் ஃபெல்கென்ஹவரும் ஜார்விசும் எண்ணிச் சொன்னார்கள்.

பேச்சு ஆவணமாகும் தருணங்கள் அரிது, ஆனால் இல்லாமற்போகவில்லை. 2015 செப்டம்பரில், சின்னக்கானலிலிருந்து சிறிது தொலைவிலுள்ள மூணாறில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தனர். பொம்பிளை ஒருமை என்று அவர்கள் தம் கூட்டமைப்புக்குப் பெயரிட்டனர். நாள்தோறும் நிரைக்கு நிரை பேசிய பேச்சு, அந்நாட்களில் ஒலிவாங்கிகளின் முன் கணக்காக வெளிப்பட்டது: 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனஸ், 232 ரூபாய் நாட்கூலி. போனஸ் 20 விழுக்காடானது. அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் கூலி 301 ரூபாயானது. அதற்கு ஈடாக நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்த அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. ஓரிடத்தில் ஓர் எண் மாறினால் வேறோரிடத்தில் எது மாறும் என்பதை அப்பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபிஷருக்கும் பின்னாளில் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி உணவுக்கூடச் சாளரத்தில், அவர் நினைவாக ஏழுக்கு ஏழு லத்தீன் சதுரம் வண்ணக் கண்ணாடியில் 1989இல் பதிக்கப்பட்டிருந்தது. மனித இனங்களைத் தரம்பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்ததன் பொருட்டு, 2020இல் கல்லூரியே அதனை அகற்றியது. சதுரத்தில் குற்றமில்லை. எனினும் பாத்திகளுக்கிடையே அவ்வளவு நடுநிலை தேடியவர் மனிதருக்கிடையே அதனைத் தேடவில்லை என்பதை மாணவர்கள் சேர்த்தே அறிய வேண்டும்.

இப்பதிவு ஒரு வேண்டுகோளுக்காகவும் எழுதப்பட்டது. செயிண்ட் கூம்சிலோ, வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலோ, மூணாறு, சின்னக்கானல் பகுதித் தோட்டங்களிலோ சோதனைப் பாத்திகளில் கொழுந்து பறித்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எண் எழுதிய முளைகள் எங்கே அடிக்கப்பட்டிருந்தன, பாத்திக்குப் பாத்தி கூடையை எவ்வாறு காலி செய்தார்கள், நிறுத்தவர் யார், அந்த வேலைக்குத் தனிக்கூலி உண்டா, இது எதற்கு என்று அவர்களுக்கு எவரேனும் சொன்னதுண்டா என்பவை என் கேள்விகள். பறிக்கும்போது என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவிலிருந்தால் அதனை முதலில் எழுதுங்கள்.